மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் மாத்திரை அட்டையோடு எட்டாக மடித்த ஒரு மெல்லிய தாளும் வந்து விழும். பொடிப்பொடி எழுத்து. நம்மில் பெரும்பாலானோர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் தாளை நோயாளியின் கையில் கொடுக்கலாமா கூடாதா என்று அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டைக்குக் காரணமான மருந்து, மாதவிடாய் நின்றுபோகும் வயதில் பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரை.

இந்த மருந்தின் பக்கவிளைவுகளை அதைச் சாப்பிட்டவர்கள் எப்படி, யார் மூலமாகத் தெரிந்துகொண்டார்கள்? ஏறக்குறைய 80 வருடக் கதை அது.

முதலில் அடிப்படை. பெண்களுக்குப் பொதுவாக 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கின்றன. மாதவிடாய் நிற்கிறது. சிலருக்கு இது ஒரு தொல்லையும் இல்லாமல் கடந்துபோகும். பலருக்கு அப்படி இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம் வரை திடீரென்று அனல் ஏறும், வியர்த்துக் கொட்டும். நடு ராத்திரியில் நனைந்த தலையணையோடு எழுந்து உட்காருவார்கள். தூக்கம் போய்விடும், எரிச்சல் வரும், எலும்பு மெலியும். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பதுதான் ஹார்மோன் மாற்று சிகிச்சையின் அடிப்படை. அது உண்மையும்கூட. அந்த அனலைத் தணிக்க ஈஸ்ட்ரோஜனை மிஞ்சிய மருந்து இன்றுவரை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை 'கெட்ட மருந்து, ஏமாந்த பெண்கள்' என்ற பழைய பாட்டாகிவிடும்.

1938ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார்கள். காப்புரிமை கிடையாது, விலை மலிவு. 1941ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்.டி.ஏ., மாதவிடாய் நின்றவர்களின் தொல்லைகளுக்கு இதை அனுமதித்தது. வேலை செய்தது, ஆனால் குமட்டியது. சாப்பிட்டவர்களில் நிறையப் பேருக்கு வாந்தி.

இந்தக் குமட்டலில்தான் ஒரு கம்பெனி தனக்கான சந்தையைப் பார்த்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து அயர்ஸ்ட் நிறுவனம், சினையான பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கியது. பெயர் பிரிமாரின். சினை, குதிரை, சிறுநீர் மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களிலிருந்து சில எழுத்துக்களை எடுத்துக் கோத்த பெயர் (விளம்பரத்தில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்!). 1942ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 'இயற்கையானது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்' என்பதுதான் இதன் விற்பனைப் பேச்சு. மலிவான போட்டி மருந்தின் பக்கவிளைவே விலை உயர்ந்த இந்த மருந்தின் விளம்பரமானது. வணிகவியல் படிப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று ரசிக்க வேண்டிய இடம் இது.

இருபது வருடம் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு புத்தகம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன், 1966ல் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்ற நூலை எழுதினார். மாதவிடாய் நிற்பது இயற்கை அல்ல, அது ஒரு குறைபாட்டு நோய் என்றார். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ, அப்படித்தான் இந்த வயதுப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்றார். மாத்திரை சாப்பிடாத பெண்கள் பெண்மையே இழந்துவிடுவதாக எழுதிய வரிகளை இன்று படித்தால் கோபம்தான் வரும். அன்றைக்கு அது ஏழே மாதத்தில் சுமார் ஒரு லட்சம் பிரதிகள் விற்றது. பெரிய பத்திரிகைகள் பகுதி பகுதியாக வெளியிட்டன.

பக்கவிளைவு? வில்சன் அதற்கு நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். 304 பெண்களை வைத்து 1962லேயே ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதி, ஈஸ்ட்ரோஜன் புற்றுநோயைத் தடுக்கும் என்றே வாதிட்டிருந்தார். அவருடைய அறக்கட்டளைக்கு ஹார்மோன் மருந்து தயாரிக்கும் கம்பெனிகளிடமிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. புத்தகம் எழுதுவதற்கான செலவையும் மருந்துக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது என்று அவருடைய மகன் பின்னாளில், 2002ல், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் சொன்னார். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய பெண்களுக்கு 36 வருடம் கழித்துக் கிடைத்த தகவல்!

1975ல் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனுக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். அந்த நாட்டில் அதிகம் எழுதப்பட்ட மருந்துகளின் வரிசையில் பிரிமாரின் ஐந்தாம் இடத்தில் இருந்தது.

அந்த வருடம் டிசம்பர் 4ம் தேதி, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று வாஷிங்டன் மாநிலத்திலிருந்து, மற்றது கலிபோர்னியாவிலிருந்து. இரண்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டவை, முடிவு ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து, சாப்பிடாதவர்களைவிட ஓர் ஆய்வின்படி நாலரை மடங்கு, மற்றதன்படி ஏழரை மடங்குக்கும் மேல்.

காரணம் விளங்காத மர்மம் ஒன்றும் இல்லை. மாதாமாதம் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது, அதன்பின் வரும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. கர்ப்பம் இல்லையென்றால் சுவர் உதிர்ந்து வெளியேறுகிறது. வெறும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் வருடக்கணக்கில் கொடுத்தால் சுவர் தடித்துக்கொண்டே போகும், நிறுத்த ஆள் இல்லை.

இங்கேதான் நம் தாள் கதைக்குள் வருகிறது.

அந்த நாட்களில் பெரும்பாலான மருந்துகளின் பக்கவிளைவு விவரம் டாக்டருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மட்டும்தான் போகும். நோயாளிக்கு எவ்வளவு சொல்லவேண்டும் என்பது டாக்டரின் இஷ்டம். இதில் பெரிய ஓட்டை போட்டது கருத்தடை மாத்திரை. பத்திரிகையாளர் பார்பரா சீமன் அந்த மாத்திரையின் ஆபத்துகள் பற்றி 1969ல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த செனட்டர் கேலார்ட் நெல்சன் 1970 ஜனவரியில் விசாரணை நடத்தினார். விசாரணையில் டாக்டர்கள் பேசினார்கள், ஆராய்ச்சியாளர்கள் பேசினார்கள். மாத்திரையை விழுங்கும் பெண் ஒருவரைக்கூட சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த இளம் பெண்கள் எழுந்து நின்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்று கத்தினார்கள். டி.வி. கேமராக்கள் அவர்கள் பக்கம் திரும்பின. அந்த வருடமே கருத்தடை மாத்திரைப் பெட்டிக்குள் நோயாளிக்கான தாள் ஒன்றை வைக்க உத்தரவு வந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு அது சுருங்கிச் சுருங்கி, ரத்த உறைவு என்ற ஒரே ஒரு பக்கவிளைவைச் சொல்லும் சின்னக் குறிப்பாகத்தான் வந்தது. இருந்தாலும் வந்தது.

1975ல் சீமன், அன்று கத்தியவர்களில் ஒருவரான ஆலிஸ் வுல்ஃப்சன், இன்னும் மூவர் சேர்ந்து பெண்கள் நலனுக்கான தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதே டிசம்பரில் எஃப்.டி.ஏ. அலுவலகத்துக்கு எதிரே, ஈஸ்ட்ரோஜன் மருந்துகளால் இறந்த பெண்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். போராட்டம் என்று அறிவிக்காமல் அஞ்சலி என்று அறிவித்ததுதான் அதன் கூர்மை.

1977ல் எஃப்.டி.ஏ. விதி கொண்டுவந்தது: ஈஸ்ட்ரோஜன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் எளிய மொழியில் எழுதிய தாள் கொடுக்கப்படவேண்டும். கருப்பைப் புற்றுநோய் ஆபத்து அதில் வெளிப்படையாக எழுதப்பட்டது. இந்த மாத்திரை தோலை மென்மையாக வைத்திருக்கும், இளமையாக உணர வைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கலாம், அதற்கு ஆதாரம் இல்லை என்ற பொருளிலும் ஒரு பகுதி இருந்தது. வில்சனின் மொத்தப் புத்தகத்துக்கும் அரசாங்கம் ஒரு பத்தியில் பதில் எழுதிவிட்டது!

மருந்து உற்பத்தியாளர் சங்கம் வழக்குப் போட்டது. மகப்பேறு மருத்துவர்களின் அமெரிக்கக் கல்லூரியும் அதன் பக்கம் நின்றது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையில் அரசு புகுந்துகொள்கிறது, நோயாளிகள் பயந்துபோவார்கள் என்பது அவர்கள் வாதம். பெண்கள் அமைப்பு எஃப்.டி.ஏ. பக்கம் நின்றது. 1980ல் டெலவேர் நீதிமன்றம் தாளுக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. பயந்துபோவார்கள் என்ற வாதத்தை முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 1980ல் மருந்துச் சீட்டுகள் 1975ல் இருந்ததில் பாதியாக, ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சமாகக் குறைந்திருந்தன. ஆனால் தெரிந்துகொண்டு பயப்படுவதும், தெரியாமல் நிம்மதியாக இருப்பதும் ஒன்றா?

அடுத்த 15 வருடம் சமாளிப்புக் காலம். தீர்வு உயிரியல் பாடத்திலேயே இருந்தது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கருப்பைச் சுவர் தடிக்காது. 875 பெண்களை மூன்று வருடம் கவனித்து 1990களின் நடுவில் வெளியான பெப்பி என்ற ஆய்வு இதை உறுதி செய்தது. கருப்பை உள்ளவர்களில் வெறும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கருப்பைச் சுவரில் கவலைக்குரிய அளவு மாற்றம் தெரிந்தது. இரண்டாவது மருந்தும் சேர்ந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பக்கவிளைவை அடக்க வந்த மருந்துக்கும் பக்கவிளைவு இருந்தது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் அதை எடுத்துக்கொண்டால் நின்றுபோன மாதவிடாய் திரும்பி வந்தது. 'விட்டது தொல்லை' என்று இருந்த 55 வயதுப் பெண் மறுபடியும் நாப்கின் வாங்கப் போகவேண்டியிருந்தது. மார்பில் வலி, வயிறு உப்புசம், காரணமில்லாத எரிச்சல். பலர் பாதியிலேயே மாத்திரையை விட்டார்கள். அதற்குப் பதிலாகத் தினமும் சிறிய அளவில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அதில் முதல் சில மாதங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ரத்தம் படும், பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். 1986ல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வந்தது. வயிற்றுக்குள் போகாததால் மருந்து முதலில் கல்லீரலைத் தாண்டவேண்டியதில்லை. பட்டை ஒட்டிய இடத்தில் அரிக்கும், அவ்வளவுதான். 1998ல் உடம்பில் சுரப்பதைப் போன்றே இருக்கும் புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தூக்கம் வரவைக்கும் என்பதால் அதை ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொன்னார்கள். தூக்கமே வராமல் தவித்தவர்களுக்கு அந்தப் பக்கவிளைவு வரம்தான்.

இப்படி அளவை மாற்றி, வேளையை மாற்றி, வழியை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தபோது வியாபாரம் பழையபடி ஏறியது. இந்த முறை இளமைக்குப் பதிலாக இதயத்தைச் சொல்லி விற்றார்கள். ஹார்மோன் எடுப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று சில ஆய்வுகள் காட்டியிருந்தன. அவை மருந்து எடுப்பவர்களைப் பின்தொடர்ந்து கவனித்தவை மட்டுமே, சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. ஹார்மோன் எடுத்தவர்கள் ஏற்கெனவே வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். இதைச் சோதிக்கத்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர் பெர்னடின் ஹீலி 1991ல் பெண்கள் ஆரோக்கிய முன்முயற்சி என்ற மாபெரும் ஆய்வைத் தொடங்கி வைத்தார். மொத்தம் 1,61,808 பெண்கள், 40 மையங்கள். இரட்டை ஹார்மோன் சோதனையில் மட்டும் 16,608 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று தெரியாது.

தெரியாது என்பது ஏட்டில்தான். ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டியிருந்ததால், மருந்துக் குழுவில் 40 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மகப்பேறு மருத்துவர்களிடம் வெளிப்படுத்த நேர்ந்தது. உலகப் புகழ்பெற்ற ஆய்விலேயே பக்கவிளைவு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டது.

எட்டரை வருடம் நடக்கவேண்டிய அந்தச் சோதனையை சராசரியாக 5.2 வருடத்தில் நிறுத்தினார்கள். 2002 ஜூலை 9ம் தேதி முடிவு வெளியானது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம், பக்கவாதம் 41 சதவீதம் அதிகம், இதயநோய் குறையவில்லை, 29 சதவீதம் கூடியது. மறுநாள் பத்திரிகைகளில் இந்தச் சதவீதங்கள்தான் ஓடின. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேப்பரைப் பிரித்த பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். டாக்டருக்கு போன் செய்தால், அவரும் அதே பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

சதவீதத்தைச் சொல்பவர் அது எதன்மேல் கணக்கிட்டது என்பதையும் சொல்லவேண்டும், இது முதலாண்டு புள்ளியியல் பாடம். 26 சதவீதம் என்றால் என்ன? வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் மார்பகப் புற்றுநோய் வருவது 30 பேருக்கு என்றிருந்தது, 38 ஆனது. எட்டுப் பேர் கூடுதல். பக்கவாதமும் எட்டு, நுரையீரல் ரத்த உறைவும் எட்டு, இதயநோய் ஏழு. மறுபக்கம் இடுப்பு எலும்பு முறிவில் ஐந்து குறைவு, குடல் புற்றுநோயில் ஆறு குறைவு. எட்டு என்பது அந்த எட்டுப் பேரின் வீட்டில் சின்ன எண் அல்ல. ஆனால் 26 சதவீதத்தைப் படித்து நடுங்கிய பெண்ணுக்கு இந்த எண்ணும் பக்கத்திலேயே தரப்பட்டிருக்கவேண்டும். இன்னொன்று, சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அனல் பொறுக்காமல் டாக்டரிடம் வருபவரோ 50 வயதுக்காரர். கருப்பை அகற்றப்பட்ட 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த தனிச் சோதனையும் 2004ல் பக்கவாதம் காரணமாக நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை.

இந்த நுணுக்கமெல்லாம் அப்போது யார் காதிலும் ஏறவில்லை. 2001ல் 9 கோடிக்கு மேல் இருந்த மருந்துச் சீட்டுகள் 2003ல் வருடத்துக்கு 5 கோடியே 70 லட்சம் என்ற கணக்குக்கு இறங்கின. 2003 ஜனவரியில் எல்லா ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் மேலும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்தது. மருந்தை விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? சோதனையில் இருந்தவர்களிடமே கேட்டுப் பார்த்ததில், ஆரம்பத்தில் அனல் தொல்லை இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மருந்தை நிறுத்தியதும் அது திரும்பி வந்திருந்தது. சிலர் அளவைப் பாதியாக்கி, கால்வாசியாக்கி மெதுவாக விட்டார்கள். சிலர் மறுபடியும் தொடங்கினார்கள்.

இன்னும் சிலர் மருந்துக்கடையிலேயே கலந்து தயாரித்துக் கொடுக்கும் 'இயற்கை ஹார்மோன்' பக்கம் போனார்கள். சினிமா நடிகைகள் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். அந்தக் கலவைகளுக்கு எச்சரிக்கைத் தாள் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே இருப்பது அதே ஈஸ்ட்ரோஜன்தான். தாள் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். 1977ல் கையில் வந்த தாள் இப்படிக் கைநழுவியதுதான் இந்த வரலாற்றின் கொடுமையான திருப்பம்.

கம்பெனி பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. மார்பகப் புற்றுநோய் வந்த ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2009ல் அந்த வழக்கில் வெளியான ஆவணங்களில், 1998 முதல் 2005 வரை மருத்துவ இதழ்களில் வந்த 26 கட்டுரைகளுக்குக் கம்பெனி கூலி கொடுத்து வேறு ஆட்களை வைத்து எழுத உதவியது தெரியவந்தது. மேலே போட்ட பெயர் டாக்டருடையது. கம்பெனியை வாங்கியிருந்த ஃபைசர், 2012 வாக்கில் பெரும்பகுதி வழக்குகளை முடிக்க 89 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது.

பிறகு கணக்கு மெல்ல மெல்லச் சீரானது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் நன்மை தீமைக் கணக்கு வேறு மாதிரி என்பது தெரிந்தது. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜனில் ரத்த உறைவு ஆபத்து மாத்திரையைப் போல் கூடுவதில்லை என்று பிரான்ஸ் ஆய்வுகள் காட்டின. மார்பில் வலியென்றால் அளவைக் குறைப்பது, குமட்டினால் உணவோடு சாப்பிடுவது அல்லது பட்டைக்கு மாறுவது, முதல் சில மாதங்களுக்குப் பிறகும் ரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் பரிசோதிப்பது என்று இன்று டாக்டர்கள் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் இந்த 80 வருடத்தின் ஏதோ ஒரு பாடம் இருக்கிறது. ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு 2023ல் ஃபெசோலினெடன்ட் என்ற புது மாத்திரை வந்தது. அடுத்த வருடமே கல்லீரல் பாதிப்பு பற்றி அதற்கும் கறுப்புக் கட்டம் போட்டார்கள்.

2025 நவம்பரில் எஃப்.டி.ஏ. ஹார்மோன் மருந்துகளின் கறுப்புக் கட்டத்திலிருந்து இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. சிலர் வரவேற்றார்கள், அவசரப்படுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். கட்டத்துக்குள் விட்டுவைத்தது ஒன்றைத்தான். கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரலாம் என்பது அது. 1975 டிசம்பர் 4ம் தேதி வெளிவந்த அதே செய்தி.